வருடத்தின் நடுவில் வெளிநாடு போனவருக்கு வருமான வரி ரீஃபண்ட்: ஓர் அறிமுகம்

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர்ப் பக்கம் எந்த வருடத்தை எடுத்துக்கொண்டாலும், சென்னையிலோ பெங்களூருவிலோ பார்த்த வேலையை விட்டுவிட்டு, திருச்சியில் விமானம் ஏறி சிங்கப்பூருக்கோ துபாய்க்கோ போகிற பிள்ளைகள் இருப்பார்கள். பர்மா, மலேயா, சைகோன் என்று கொண்டு விற்கப் போனவர்களின் ஊர் இது. வெளிநாட்டுப் பயணம் இங்கே யாருக்கும் புதிதல்ல. ஆனால் கிளம்புகிற அவசரத்தில் ஒரு விஷயம் விட்டுப்போகிறது. வருடத்தின் நடுவில் போனவருக்குப் பெரும்பாலும் வருமான வரித்துறையிடமிருந்து பணம் திரும்ப வரவேண்டியிருக்கும். கேட்டால்தான் அது வரும். காரைக்குடியில் வரிக் கணக்குத் தாக்கல் செய்து தரும் வேலையில் இருப்பவன் என்ற முறையில், கேட்காமலே விட்டவர்களைப் பார்க்கும்போதெல்லாம் மனசு பொறுப்பதில்லை. சிரமப்பட்டுச் சம்பாதித்த பணம் அது. அதனால் இதை அடிப்படையிலிருந்தே சொல்லிவிடுகிறேன். கணக்கெல்லாம் 2025-26 நிதியாண்டுக்கானது, அதாவது 2025 ஏப்ரல் 1 முதல் 2026 மார்ச் 31 வரை.

முதலில், பணம் ஏன் அதிகமாகப் பிடிபடுகிறது? சம்பளத்தில் மாதாமாதம் பிடிக்கும் வரிக்கு டிடிஎஸ் என்று பெயர். அதைக் கணக்கிடும்போது நிறுவனம், நீங்கள் வருடம் முழுக்க அங்கேயே வேலை பார்ப்பீர்கள் என்று வைத்துக்கொள்கிறது. பன்னிரண்டு மாதச் சம்பளத்துக்கு எவ்வளவு வரி வரும் என்று பார்த்து, அதைப் பன்னிரண்டாகப் பிரித்து மாதம் ஒரு பங்கு பிடிக்கிறது. ஐந்தாம் மாதம் நீங்கள் கிளம்பிவிட்டால் அந்த அனுமானம் தப்பாகிவிடுகிறது. நம் வரி விகிதம் படிப்படியாக ஏறுவது என்பதால், வருமானம் பாதியானால் வரி பாதியைவிடக் கீழே இறங்கும். பிடித்ததற்கும் உண்மையில் கட்ட வேண்டியதற்கும் உள்ள வித்தியாசம்தான் ரீஃபண்ட்.

பள்ளத்தூர்ப் பெண் ஒருவர் சென்னையில் மாதம் 1,50,000 ரூபாய் சம்பளத்தில் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். வருடத்துக்கு 18 லட்சம். நிலையான கழிவு 75,000 போக 17,25,000. புதிய வரி முறையில் முதல் 4 லட்சத்துக்கு வரி இல்லை. அடுத்த 4 லட்சத்துக்கு 5 சதவீதம், அதற்கடுத்த 4 லட்சத்துக்கு 10, அதற்கும் அடுத்த 4 லட்சத்துக்கு 15, மீதி 1,25,000-க்கு 20 சதவீதம். கூட்டினால் 1,45,000. அதன்மேல் 4 சதவீத செஸ் (வரியின்மேல் போடும் கூடுதல் வரி) சேர்த்தால் 1,50,800. நிறுவனம் மாதம் சுமார் 12,567 ரூபாய் பிடிக்கும்.

ஆகஸ்ட் 31 அன்று அவர் வேலையை விட்டு அன்று இரவே சிங்கப்பூர் கிளம்புகிறார். ஐந்து மாதத்தில் பிடித்த வரி 62,833. ஆனால் இந்தியாவில் அவர் வாங்கிய சம்பளம் ஏழரை லட்சம்தான். கழிவு போக 6,75,000. முதல் 4 லட்சம் போக மீதி 2,75,000-க்கு 5 சதவீதம் என்றால் 13,750, செஸ்ஸோடு 14,300. ஆக, சுமார் 48,530 ரூபாய் அவருக்குத் திரும்ப வர வேண்டும். சிங்கப்பூரில் முதல் மாத வாடகைக்கும் முன்பணத்துக்கும் திண்டாடுகிற நேரத்தில் இது சின்னத் தொகை இல்லை.

சில நிறுவனங்கள் கடைசி மாதம் கணக்கு முடிக்கும்போதே இதைச் சரிசெய்து அந்த மாதப் பிடித்தத்தைக் குறைத்துவிடும். ஆனால் ஏற்கெனவே அரசுக்குக் கட்டிவிட்டதை நிறுவனம் உங்கள் கையில் கொடுக்க முடியாது. அதை வரித்துறையிடம்தான் கேட்க வேண்டும். கேட்பதற்கென்று தனி விண்ணப்பம் கிடையாது. ரிட்டர்ன், அதாவது வருமான வரிக் கணக்கு, தாக்கல் செய்வதுதான் கேட்பது. வருமானம் 4 லட்சத்துக்குள் இருந்து, ரிட்டர்ன் போட வேண்டிய கட்டாயம் இல்லாவிட்டாலும், பிடித்த பணம் வேண்டுமென்றால் போட்டாக வேண்டும்.

இங்கே ஒரு சந்தேகம் எல்லோருக்கும் வரும். 12 லட்சம் வரை வரியே இல்லை என்றார்களே, அப்புறம் இந்த 14,300 எதற்கு? அந்தச் சலுகை 87ஏ பிரிவின்படி கிடைக்கும் தள்ளுபடி. அது இந்தியாவில் வசிப்பவர் என்ற தகுதி உள்ளவருக்கு மட்டும்தான். ஆகஸ்டில் கிளம்பிய பெண் அந்த வருடம் வரிச் சட்டத்தின் பார்வையில் வெளிநாட்டில் வசிப்பவர். அவருக்குத் தள்ளுபடி இல்லை. இணையத்தில் கிடைக்கும் வரிக் கால்குலேட்டரில் வசிப்பிட நிலையை மாற்றாமல் எண்களை மட்டும் போட்டால் வரி பூஜ்யம் என்று காட்டும். அதை நம்பி முழுத் தொகையையும் ரீஃபண்டாகக் கேட்டுவிட்டு, பிறகு குறைத்து வந்ததே என்று குழம்ப வேண்டாம்.

நாள் கணக்கு

இந்த விஷயத்தில் எல்லாமே கிளம்பிய தேதியில்தான் நிற்கிறது. ஆகவே இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

இந்தியக் குடிமகன் ஒருவர் வேலைக்காக வெளிநாடு கிளம்புகிற வருடத்தில், அந்த நிதியாண்டுக்குள் இந்தியாவில் 182 நாள் அல்லது அதற்கு மேல் இருந்திருந்தால் அவர் இங்கே வசிப்பவர். 181 நாளோடு நின்றால் வெளிநாட்டில் வசிப்பவர். ஏப்ரல் 1-லிருந்து எண்ணினால் செப்டம்பர் 28 அன்று 181-வது நாள், 29 அன்று 182-வது நாள். புறப்படும் நாளையும் இந்தியாவில் இருந்த நாளாகவே எண்ணிக்கொள்வது பாதுகாப்பு. பாஸ்போர்ட்டில் திருச்சியிலோ சென்னையிலோ குத்திய முத்திரைதான் சாட்சி. அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், பாஸ்போர்ட் புதுப்பித்த பிறகு பழையதைத் தேட வேண்டியிருக்காது.

கிளம்பியதோடு எண்ணிக்கை முடிந்துவிடாது. மார்ச் 31-க்குள் திரும்பி வந்து தங்கினால் அந்த நாட்களும் சேரும். ஆகஸ்ட் 31 அன்று போனவருக்கு ஏற்கெனவே 153 நாள் ஆகிவிட்டது. மீதம் 28 நாள்தான். நம் பக்கத்தில் தீபாவளிக்கு வருவார்கள், பிள்ளையார் நோன்புக்கு வருவார்கள், தை மாதம் பழனிப் பாதயாத்திரைக்கு வருவார்கள், நடுவில் ஒரு கல்யாணம் வரும். எல்லாம் சேர்ந்து 29 நாளைத் தொட்டால் வசிப்பவர் ஆகிவிடுவார். டிக்கெட் போடும் முன் நாட்களைக் கூட்டிப் பார்த்துவிடுங்கள்.

வசிப்பவர் ஆனால் என்ன குடி முழுகிவிடும்? தள்ளுபடி கிடைக்குமே என்று தோன்றும். அதே சம்பளத்தில் இருந்த தேவகோட்டைப் பையன் ஒருவர் அக்டோபர் 31 வரை வேலை பார்த்துவிட்டு அன்றே கோலாலம்பூர் போகிறார் என்று வைப்போம். இந்தியாவில் ஏழு மாதச் சம்பளம் பத்தரை லட்சம். பிடித்த வரி ஏறத்தாழ 87,967. இந்தச் சம்பளம் மட்டும்தான் என்றால் கழிவு போக 9,75,000, வரி பூஜ்யம், முழுதும் திரும்பி வரும். ஆனால் அவர் இந்தியாவில் இருந்தது 214 நாள். வசிப்பவருக்கு உலகத்தில் எங்கே சம்பாதித்தாலும் இங்கே கணக்கில் வரும். நவம்பர் முதல் மார்ச் வரை மலேசியாவில் வாங்கிய சம்பளத்தையும் ரூபாயில் மாற்றிச் சேர்க்க வேண்டும். சேர்த்தால் மொத்தம் 12 லட்சத்தைச் சுலபமாகத் தாண்டும், தள்ளுபடி போய்விடும். மலேசியாவில் கட்டிய வரியை இரட்டை வரித் தவிர்ப்பு ஒப்பந்தத்தின்படி இங்கே கழித்துக்கொள்ளலாம், அதற்குப் படிவம் 67 தர வேண்டும். அங்கே திறந்த வங்கிக் கணக்கையும் ரிட்டர்னில் காட்ட வேண்டும். இப்படிப்பட்டவருக்கு ரீஃபண்ட் குறைந்துபோகலாம், கையிலிருந்து கட்ட வேண்டிய நிலைகூட வரலாம். செப்டம்பர் 28-க்குப் பிறகு கிளம்புகிறவர்கள் தாங்களாகவே ரிட்டர்ன் போடாமல் ஒரு ஆடிட்டரைப் பார்ப்பதுதான் நல்லது என்பது என் உறுதியான அபிப்பிராயம்.

மலேசிய வருமானத்துக்கு இங்கே வரி உண்டா என்ற கேள்வி நம் மக்களுக்கு உச்ச நீதிமன்றம் வரை போன கேள்வி. ஈப்போவில் ரப்பர் தோட்டம் வைத்திருந்த செட்டியார் குடும்ப நிறுவனம் ஒன்றின் வழக்கில் 2004-ல் தீர்ப்பு வந்தது. ஒப்பந்தத்தைப் பார்த்து, அந்த வருமானத்துக்கு இந்தியாவில் வரி கேட்க முடியாது என்றது நீதிமன்றம். அதன் பிறகு சட்டத்திலும் அறிவிக்கைகளிலும் மாற்றங்கள் வந்துவிட்டன. அந்தத் தீர்ப்பை வைத்துக்கொண்டு இன்றைக்குச் சம்பளத்தைக் காட்டாமல் விட முடியாது.

182 நாள் என்ற இந்தத் தாராளம் வேலைக்குப் போகிறவருக்குத்தான். மேற்படிப்புக்குப் போகிறவருக்கும், கணவரோடு அல்லது மனைவியோடு துணையாகப் போகிறவருக்கும் வேறு கணக்கு. அந்த வருடத்தில் 60 நாளும், அதற்கு முந்தைய நான்கு வருடங்களில் மொத்தம் 365 நாளும் இந்தியாவில் இருந்திருந்தாலே அவர்கள் வசிப்பவர்கள். ஆகவே ஆகஸ்டில் சேர்ந்து கிளம்பிய தம்பதியில் கணவர் வெளிநாட்டில் வசிப்பவராகவும், வேலையை விட்டுவிட்டுத் துணையாகப் போன மனைவி இங்கே வசிப்பவராகவும் இருக்கலாம். அவருக்கு 87ஏ தள்ளுபடி கிடைக்கும். வேறு வருமானம் இல்லையென்றால் அவர் சம்பளத்தில் பிடித்தது மொத்தமும் திரும்பி வர வாய்ப்பு உண்டு. இருவருக்கும் ஒரே மாதிரி ரிட்டர்ன் போட்டு இதைக் கோட்டை விடுகிறார்கள்.

இன்னொன்று. வெளிநாட்டில் வசிப்பவராக இருந்தாலும், இந்தியாவில் பார்த்த வேலைக்கான பணம் பிறகு வந்தால், உதாரணமாக நவம்பரில் வந்த பழைய போனஸ், அது இங்கே வரிக்கு உட்பட்டது. அதேபோல வெளிநாட்டுச் சம்பளத்தை நேராக இந்திய வங்கிக் கணக்கில் போடச் சொல்லாதீர்கள். இந்தியாவில் முதன்முதலாகப் பெற்ற வருமானம் என்று அதற்கும் வரி கேட்க இடம் உண்டு. அங்கே ஒரு கணக்கில் வாங்கிவிட்டு, அதிலிருந்து வீட்டுக்கு அனுப்பினால் அந்தப் பிரச்சினை இல்லை.

கிளம்பும் முன் செய்ய வேண்டியவை

ரீஃபண்ட் தடைபடுவது சட்டச் சிக்கலால் இருப்பதைவிட, சிம் கார்டாலும் மின்னஞ்சலாலும் வங்கிக் கணக்காலும்தான் அதிகம். வேலையை விட்டதும் அலுவலக மின்னஞ்சல் மூடப்படும். சம்பளத்தையும் அதில் பிடித்த வரியையும் காட்டி நிறுவனம் தரும் சான்றான ஃபார்ம் 16 வருவதோ நிதியாண்டு முடிந்த பிறகு, ஜூன் 15 வாக்கில். ஆகவே சொந்த மின்னஞ்சல் முகவரியை நிறுவனத்தின் மனிதவளப் பிரிவிலும் வருமான வரி இணையதளத்திலும் பதிந்துவிட்டுப் போக வேண்டும். ஆதாரோடு இணைத்த இந்தியக் கைபேசி எண்ணை உயிரோடு வைத்திருங்கள். கடைசியில் ரிட்டர்னை உறுதிசெய்ய வரும் ஓடிபி அந்த எண்ணுக்குத்தான் வரும்.

வங்கிக்குப் போய், வேலைக்கு வெளிநாடு போகிறேன் என்று சொல்லிச் சேமிப்புக் கணக்கை என்ஆர்ஓ கணக்காக, அதாவது வெளிநாட்டில் வசிப்பவர் இந்தியாவில் வைத்துக்கொள்ளும் ரூபாய்க் கணக்காக, மாற்ற வேண்டும். அந்நியச் செலாவணிச் சட்டத்தில் 182 நாள் வரை காத்திருக்கும் பேச்சே இல்லை, வேலைக்குக் கிளம்பியதிலிருந்தே நீங்கள் வெளிநாட்டில் வசிப்பவர். என்ஆர்ஓ கணக்கு வட்டிக்கு வங்கி 30 சதவீதமும் செஸ்ஸும் பிடிக்கும். உங்கள் உண்மையான வரி அதைவிடக் குறைவென்றால் அந்த மிச்சமும் ரிட்டர்ன் போட்டால் திரும்ப வரும். ஊரில் கடையோ வீட்டுப் பங்கோ வாடகைக்கு விட்டிருந்தாலும் இதே கதைதான். வெளிநாட்டில் வசிக்கும் உரிமையாளருக்கு வாடகை கொடுப்பவர் வரி பிடித்துத்தான் கொடுக்க வேண்டும்.

பெயர் விஷயத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் செட்டிநாட்டில் இது அதிகம் படுத்துகிறது. ரீஃபண்ட் போய்ச் சேரும் வங்கிக் கணக்கை வருமான வரி இணையதளத்தில் முன்கூட்டியே சரிபார்த்து வைக்க வேண்டும். பானில் உள்ள பெயரும் வங்கியில் உள்ள பெயரும் ஒத்துப்போகாவிட்டால் அது நிராகரிக்கப்படும். பான் விண்ணப்பத்தில் முதல் பெயரிலும் கடைசிப் பெயரிலும் இனிஷியல் மட்டும் போடக் கூடாது என்பதால் அப்பாவின் பெயர் முழுதாக அங்கே போய் உட்கார்ந்திருக்கும். வங்கியிலோ ஐயா காலத்து வழக்கப்படி நாலெழுத்து இனிஷியல். போன ஜூலையில் அபுதாபியில் இருக்கும் மகனுக்காக ஒருவர் என்னிடம் வந்தார். "அண்ணே, மூணு தடவை ரிஜெக்ட்னு வருதாம், தம்பி தூங்காம கெடக்கான். என்னதான் தப்பு?" என்றார். பாஸ்புக்கையும் பான் அட்டையையும் மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தோம். பாஸ்புக்கில் இரண்டு இனிஷியலும் பெயரும், அட்டையில் பெயரும் அப்பச்சி (அப்பா) பெயரும். "ரெண்டும் நம்ம பிள்ளைதானே, இதுக்கா நிறுத்தி வைப்பாங்க?" என்று அவர் திகைத்துப்போனார். வங்கிக் கிளையில் மகனே மின்னஞ்சலில் கேட்டு, பான் நகலை இணைத்து, பெயரை மாற்றிய பிறகுதான் சரிபார்ப்பு முடிந்தது. கிளம்பும் முன் ஒரு நாள் வங்கிக்குப் போயிருந்தால் தீர்ந்திருக்கும் வேலை.

சேமிப்புக் கணக்கு என்ஆர்ஓவாக மாறும்போது சில வங்கிகளில் கணக்கு எண்ணும் மாறும். பழைய எண் இணையதளத்தில் இருந்தால் ரீஃபண்ட் திரும்பிப் போய்விடும். மாற்றிய பிறகு மறுபடி சரிபாருங்கள். அப்படியே திரும்பிப் போனாலும் பணம் தொலையாது, இணையதளத்திலேயே மறு வழங்கலுக்கு விண்ணப்பிக்கலாம். இந்தியாவில் கணக்கே இல்லாதவர், ரிட்டர்னில் ஒரு வெளிநாட்டு வங்கிக் கணக்கின் விவரத்தைக் கொடுக்கவும் வழி இருக்கிறது.

பான் செயலில் இருக்கிறதா என்பதையும் பாருங்கள். ஆதாரோடு இணைக்காத பான் 2023 ஜூலை முதல் செயலிழந்ததாகக் கருதப்படுகிறது, அந்த நிலையில் ரீஃபண்ட் வராது. வெளிநாட்டில் வசிப்பவருக்கு இணைப்பதிலிருந்து விலக்கு உண்டு, ஆனால் தன் நிலை மாறிவிட்டது என்று துறைக்குத் தெரிவித்திருக்க வேண்டும்.

ரிட்டர்ன் போடும்போது

ஜூன் பாதிக்குப் பிறகு உட்காருங்கள். ஃபார்ம் 16-ல் உள்ள வரித்தொகையும் இணையதளத்தில் உங்கள் பெயரில் கட்டப்பட்ட வரியைக் காட்டும் 26ஏஎஸ் பக்கமும் ஒத்துப்போக வேண்டும். சம்பளத்தில் பிடித்ததை நிறுவனம் அரசுக்குச் செலுத்தாமல் விட்டிருந்தால் 26ஏஎஸ்-ல் இருக்காது, உடனே நிறுவனத்தைக் கேட்க வேண்டும்.

எல்லோரும் வழக்கமாகப் போடும் ஐடிஆர்-1 படிவம் வெளிநாட்டில் வசிப்பவருக்குக் கிடையாது. தொழில் வருமானம் இல்லையென்றால் ஐடிஆர்-2. அதில் வசிப்பிட நிலையைத் தேர்ந்தெடுக்கும் இடத்தைக் கவனமாக நிரப்புங்கள். இப்போது வசிக்கும் நாட்டையும், அங்கே உங்களுக்குள்ள வரி அடையாள எண்ணையும் கேட்கும். பழைய வரி முறையில் உங்களுக்கு வரி குறையும் என்றால், காலக்கெடுவுக்குள் போடும்போது மட்டும் அதைத் தேர்ந்தெடுக்கலாம். ஆயுள் காப்பீடும் பிஎஃப்பும் நிறையக் கட்டியவர்கள் இரண்டையும் போட்டுப் பார்ப்பது நல்லது.

காலக்கெடு வழக்கமாக ஜூலை 31. தவறினால் டிசம்பர் 31 வரை தாமதக் கட்டணத்தோடு போடலாம். கட்டணம் 5,000, மொத்த வருமானம் 5 லட்சத்துக்குள் என்றால் 1,000. போட்ட 30 நாளுக்குள் உறுதிசெய்யாவிட்டால் ரிட்டர்ன் செல்லாமல் போகலாம். ஓடிபி வராதவர்கள் நெட் பேங்கிங் வழியாக உறுதிசெய்யலாம். அதுவும் முடியாதென்றால் ரிட்டர்ன் போட்டதும் கிடைக்கும் ஐடிஆர்-வி என்ற ஒப்புகைத் தாளில் கையெழுத்திட்டு பெங்களூருவில் உள்ள மத்திய செயலாக்க மையத்துக்கு ஸ்பீட் போஸ்டில் அனுப்பலாம். பெற்றோரிடம் தாளை மின்னஞ்சலில் அனுப்பிக் கையெழுத்துப் போடச் சொல்லாதீர்கள், கையெழுத்து உங்களுடையதாகத்தான் இருக்க வேண்டும்.

ரிட்டர்ன் பரிசீலனை முடிந்ததும் 143(1) பிரிவின்படி ஒரு தகவல் மின்னஞ்சலில் வரும். உங்கள் கணக்கும் துறையின் கணக்கும் அதில் பக்கம் பக்கமாக இருக்கும். ரீஃபண்டோடு மாதம் அரை சதவீதம் வட்டியும் பொதுவாகச் சேரும், ரீஃபண்ட் தொகை மிகச் சிறியதாக இருந்தால் மட்டும் வராது. திரும்பி வந்த பணம் வருமானமல்ல, ஆனால் அந்த வட்டி அடுத்த வருடக் கணக்கில் வருமானம். ரீஃபண்ட் தயார், இந்த இணைப்பைத் தொட்டு வங்கி விவரம் கொடுங்கள் என்று குறுஞ்செய்தி வந்தால் தொடவே தொடாதீர்கள். துறை அப்படிக் கேட்பதில்லை.

பழைய வருடங்களில் போய், அப்போது எதுவும் கேட்காமல் விட்டவர்களுக்கும் வழி அடைபடவில்லை. தாமதத்தை மன்னிக்கக் கேட்கும் விண்ணப்பத்தை 119(2)(பி) பிரிவின்படி கொடுக்கலாம். 2024 அக்டோபர் 1 முதல் நடைமுறையில் உள்ள சுற்றறிக்கைப்படி, மதிப்பீட்டு ஆண்டு (நிதியாண்டுக்கு அடுத்த ஆண்டு) முடிந்து ஐந்து வருடத்துக்குள் விண்ணப்பம் போய்ச் சேர வேண்டும். 2020-21 நிதியாண்டில் கிளம்பியவருக்கு மதிப்பீட்டு ஆண்டு 2021-22, அது முடிந்தது 2022 மார்ச் 31. அவருக்கு 2027 மார்ச் 31 வரை நேரம் இருக்கிறது. ஏன் சமயத்தில் போட முடியவில்லை என்பதற்கு உண்மையான காரணமும், அதற்கான ஆதாரமும், ஃபார்ம் 16-ம், பாஸ்போர்ட் முத்திரைப் பக்கமும் வேண்டும். ஒரு கோடி ரூபாய் வரையிலான கோரிக்கையை வருமான வரி ஆணையர் நிலையிலேயே தீர்மானிப்பார்கள். வட்டி கிடைக்காது. பிடித்த வரியில் மிச்சம் மட்டும் வரும்.